கேட்டலில் முழு மதிப்பெண்

பேரையூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியைத் தேடிக்கொண்டு மதுரையிலிருந்து ஒரு கார் வருகிறது என்றால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, தேர்தல் வந்திருக்க வேண்டும். இல்லை, யாராவது மொட்டைக் கடிதாசி போட்டிருக்க வேண்டும். தேர்தலுக்கு இன்னும் நாள் கிடந்தது. அதனால் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றதும் ஜெயக்கொடி டீச்சர் அவசரமாக வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தாள்.

அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் மொத்தமே இரண்டு பேர். நாலு, அஞ்சு வகுப்புகள் தலைமை ஆசிரியர் அழகுராஜாவுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்து ஒரே அறையில் வைத்து மேய்ப்பது ஜெயக்கொடிக்கு. மேய்ப்பது என்பது அவளே சொல்கிற சொல்தான். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவள் குரலைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. டீச்சர் வாய்ப்பாடு சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் மனப்பாடம் ஆகிவிடும் என்பார்கள். கேலி இல்லை, நிஜமே அதுதான்.

காரிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் மைத்ரேயி. மதுரையில் ஒரு கல்வி ஆராய்ச்சி மையத்தில் வேலை. பள்ளிக்கூடங்களிலிருந்து வந்து குவிகிற தேர்வுக் கணக்குகளை எல்லாம் அலசி ஆராய்கிற ஆள். ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பயந்துட்டீங்களா டீச்சர்? நான் உங்களைப் பாராட்ட வந்திருக்கேன்.”

“என்னையவா? எதுக்கு?” என்றாள் ஜெயக்கொடி.

மைத்ரேயி மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. இரண்டு வருஷமாக ஆயிரத்து அறுநூறு பள்ளிகளில், வருஷத்துக்கு மூன்று தடவை, டீச்சர்களின் செல்போனிலேயே பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு நடக்கிறது. லட்சத்துச் சொச்சம் பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்தப் படத்தைத் தொட்டது, எத்தனை நொடியில் தொட்டது என்பது வரைக்கும் மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு புள்ளி என்றால் ஒரு வகுப்பு. புள்ளிகள் எல்லாம் நடுவில் மொய்த்துக்கொண்டு கிடக்க, உச்சியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக நின்றது.

“இது நீங்க. கேட்டல் பகுதியில ரெண்டு வருஷமா உங்க வகுப்புல ஒரு பிள்ளைகூடத் தவறலை. வேற எந்த வகுப்புலயும் இப்படி இல்லை. திங்கட்கிழமை கேமராவோட வர்றேன். நீங்க எப்படிப் பாடம் நடத்துறீங்கன்னு எடுத்து ஆயிரத்து அறுநூறு பள்ளிக்கும் போட்டுக் காட்டப்போறோம்.”

அழகுராஜாவுக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை. “நான் அன்னைக்கே சொன்னேன்ல டீச்சர்!” என்றார். அவர் என்றைக்கும் எதுவும் சொன்னதில்லை.

ஜெயக்கொடிக்கும் சந்தோஷம் வரத்தான் செய்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு அதிகாரி வாயிலிருந்து நல்ல வார்த்தை கேட்காதவளுக்கு வராமல் இருக்குமா? வந்த சந்தோஷம் தொண்டைக்குக் கீழே இறங்குவதற்குள் அவளுக்குத் தன் வலது கைக் கட்டை விரல் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கட்டை விரல் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கேட்டல் தேர்வு என்பது இப்படி. போன் ஒரு வாக்கியம் பேசும். ‘வேப்பமரத்தடியில் ஆடு படுத்திருக்கிறது.’ திரையில் நாலு படம் வரும். பிள்ளை சரியான படத்தைத் தொட வேண்டும். டீச்சர் வாயே திறக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

முதல் தடவை பாண்டீஸ்வரி என்கிற பிள்ளை மேசையருகே வந்து நின்றது. அப்போது இரண்டாம் வகுப்பு. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை, எந்நேரமும் ஒரு சிரிப்பு. போன் பேசியது. பிள்ளை போனைப் பார்க்காமல் ஜெயக்கொடியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. போன் மறுபடியும் பேசியது. பிள்ளை அப்போதும் முகத்தைத்தான் பார்த்தது. பொறுக்க முடியாமல் ஜெயக்கொடி, “வேப்பமரத்தடியில ஆடு படுத்திருக்குத்தா!” என்றாள். பிள்ளை சட்டென்று சரியான படத்தைத் தொட்டது.

பார்த்தாயா, எல்லாம் தெரிகிறது, போனைக் கண்டால்தான் மிரள்கிறது என்று ஜெயக்கொடி முடிவு கட்டிவிட்டாள். அடுத்தடுத்த கேள்விகளை அவளே வாயால் சொன்னாள். அடுத்த தேர்வில் அந்தப் பொறுமையும் போய்விட்டது. வெளியே மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தாகிவிட்டது, இன்னும் ஒன்பது பிள்ளைகள் பாக்கி, நெட்டு வேறு வந்து வந்து போகிறது. தெரிந்த பிள்ளைதானே என்று பாண்டீஸ்வரிக்கு அவளே கட்டை விரலால் தொட்டுவிட்டாள். அப்புறம் காய்ச்சலில் வந்த ஒருவனுக்கு, அழுத ஒருத்திக்கு என்று அது பழகிப்போனது. பொய் செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரி ஒரு வேலையாகத்தான் அதையும் செய்தாள். அதனால்தான் இந்த நிமிஷம் வரைக்கும் உறுத்தவும் இல்லை.

“ஏம்மா, குறைஞ்ச மார்க்கு வாங்குற பிள்ளைகள என்ன செய்வீங்க?” என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

மைத்ரேயி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த பேச்சு இதுதான் போலிருக்கிறது.

“அதுதான் டீச்சர் இதுல முக்கியமான விஷயமே. சில பிள்ளைங்க படம் பார்த்துச் சொல்றதுல நல்லா வரும், எழுத்தைப் படிக்கறதுலயும் நல்லா வரும், கேட்டல்ல மட்டும் கவிழ்ந்துடும். ஒரு வகுப்புல அப்படி ஒரு பிள்ளை இருந்தா யாருக்கும் ஒண்ணும் தோணாது. லட்சம் பிள்ளைங்க கணக்கை ஒண்ணாப் போட்டுப் பார்த்தப்போ அதே மாதிரி தொள்ளாயிரம் பேர் கிடைச்சாங்க. டாக்டர்கிட்ட அனுப்பினோம். பத்துப் பேர்ல ஆறு பேருக்குக் காதுல கோளாறு.”

“காதுலயா?”

“ஆமா. வகுப்புல பார்த்தா கண்டுபிடிக்கவே முடியாது. அந்தப் பிள்ளைங்க நம்ம வாயைப் பார்த்தே புரிஞ்சுக்கும். போனுக்கு வாய் இல்லையே, அங்கதான் மாட்டிக்கும். அடுத்த வாரம் பேரையூர்ல காது முகாம் போடறோம். பட்டியல் செவ்வாயோட முடியுது. அதை விட்டா அடுத்த வருஷம்தான். உங்க பள்ளியில யாரும் இல்லைங்கறது எவ்வளவு நல்ல விஷயம், பாருங்க.”

ஜெயக்கொடி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகத் திருக அது வரவே இல்லை. மைத்ரேயிதான் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

கார் போன பிறகு அவள் வகுப்புக்குள் போனாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தன்னுடைய காட்டுக் கத்தல் இல்லாமல், வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில், “பாண்டீஸ்வரி, எந்திரிச்சு அந்த ஜன்னலச் சாத்து” என்றாள்.

ஜன்னல் சாத்துகிற சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். பிள்ளைகள் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சரண்யாதேவி முழங்கையால் ஒரு இடி இடித்த பிறகுதான் பாண்டீஸ்வரி எழுந்து, டீச்சரின் முகத்தைப் பார்த்தது. வழக்கமான அதே சிரிப்பு.

ஜெயக்கொடி வருகைப் பதிவேட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். “ஒங்க ஆட்டுக்குட்டிக்கு என்ன பேரு?” என்று கேட்டாள்.

பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றது.

பதிவேட்டைக் கீழே இறக்கி அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டாள். “வெள்ளச்சி டீச்சர்!” என்றது பிள்ளை.

அடக் கடவுளே! மூன்று வருஷம். தினமும் ஆறு மணி நேரம் கண் முன்னால் இருந்த பிள்ளை. எத்தனை நாள் ‘கவனம் எங்க இருக்கு, மாடு மேய்க்கப் போயிருச்சா?’ என்று கத்தியிருக்கிறாள். கத்தினால் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும். அதனால்தான் இந்த வகுப்பில் அதன் பாடு ஓடியிருக்கிறது. ஜெயக்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று சுண்ணக்கட்டி எடுப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் அழகுராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் பள்ளிக்கு ஒரு பெயர் வந்தால் நல்லது என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

“சரி டீச்சர், பிள்ளைக்குக் காது கேக்கல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நானும் வாரேன். யாரு வேணாங்குறா? போன் சமாச்சாரத்த எதுக்கு வெளிய விடணும்? ஒங்க வாயாலயே நான் தப்புப் பண்ணுனேன்னு சொல்லி மெமோ வாங்கணுமா? பிள்ளைக்கு ஆக வேண்டியது ஆகுதுல்ல?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவே. சனிக்கிழமை முழுக்க அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளைக்கு மருந்து கிடைக்கும், தனக்கு மரியாதை கிடைக்கும், ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த உச்சிப் புள்ளி மனதில் வந்தது. திங்கட்கிழமை அதைப் படம் பிடித்து ஆயிரத்து அறுநூறு பள்ளிக்குக் காட்டுவார்கள். இப்படித்தான் நடத்த வேண்டும் என்பார்கள். பார்க்கிற டீச்சர்கள் என்ன செய்வார்கள்? நாமும் ஒரு பிள்ளைகூடத் தவறாமல் காட்ட வேண்டும் என்று அவரவர் கட்டை விரலைத் தீட்டிக்கொண்டு உட்கார மாட்டார்களா? அந்த வகுப்புகளில் எல்லாம் யார் யார் சிரித்துக்கொண்டே நிற்கிறார்களோ!

கிரைண்டரை நிறுத்திவிட்டு மைத்ரேயிக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு.

“மைத்ரேயிம்மா, அந்த மார்க்கு பிள்ளைக வாங்குனது இல்ல. நான் போட்டது. நாளைக்கு கேமரா வேணாம். பாண்டீஸ்வரின்னு ஒரு பிள்ளை பேரப் பட்டியல்ல சேத்துருங்க.”

 மைத்ரேயிக்குக் கோபம் வந்தது, நன்றாகவே வந்தது.

“உங்க வகுப்பை வெச்சு முப்பது பக்கம் எழுதியிருக்கேன் டீச்சர். எங்க டைரக்டர்கிட்ட கொடுத்துட்டேன். ரெண்டு வருஷக் கணக்கு! உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் தொட்டிருக்காங்கன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? அவ்வளவையும் குப்பையில போடறதா?”

“திட்டும்மா. நல்லாத் திட்டு” என்றாள் ஜெயக்கொடி. “ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. நான் தொட்டதுக்கும் பிள்ளை தொட்டதுக்கும் அதுல வித்தியாசமே தெரியாதா? நான் கேள்விய எல்லாம் கேக்க மாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்விதானே, எனக்குத்தான் விடை தெரியுமே. படம் வந்ததும் தொட்டுருவேன்.”

“என்ன சொன்னீங்க?”

“போன் பேசி முடிக்கிறதுக்குள்ளயே தொட்டுருவேன்னு சொன்னேன்.”

மைத்ரேயி போனை வைத்துவிட்டாள். கோபத்தில்தான் வைத்துவிட்டாள் என்று ஜெயக்கொடி நினைத்தாள். மாவு வழிக்கும்போது கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் மாவாகிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மைத்ரேயி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

“டீச்சர், என் மேலயும் தப்பு இருக்கு. எல்லா விடைக்கும் நொடி பதிவாகியிருக்கு. கேள்வி முடியறதுக்கு முன்னாடியே வந்த விடையெல்லாம் போன் கோளாறுன்னு நானே ஒதுக்கி வெச்சிருந்தேன். ஏன் அப்படின்னு ஒரு நாளும் யோசிக்கலை. இப்போ அதை மட்டும் எடுத்துத் தேடினேன். இருநூத்திப் பன்னிரண்டு வகுப்பு.”

“ஆத்தாடி!”

“எல்லாமே ‘நல்ல’ வகுப்பு. அந்தப் பிள்ளைங்களுக்கு வெளியாளை வெச்சு மறுபடியும் தேர்வு வைக்கப் போறோம். முகாமை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன். நீங்க எழுதிக் கொடுக்கணும் டீச்சர், கையெழுத்துப் போட்டு. அதில்லாம மேல யாரும் கேட்க மாட்டாங்க.”

“எழுதித் தாரேன்” என்றாள் ஜெயக்கொடி.

எழுதிக் கொடுத்தாள். மெமோவும் வந்தது. அழகுராஜா நாலு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியாள் வந்து வைத்த தேர்வில் அவளுடைய புள்ளி உச்சியிலிருந்து இறங்கி, மற்ற எல்லோரோடும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. பாண்டீஸ்வரிக்குப் படத்தில் முழுசு, படிப்பதில் பத்துக்கு எட்டு, கேட்டலில் இரண்டு.

முகாம் பேரையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பாண்டீஸ்வரியின் அம்மா அன்னக்கொடி அன்றைக்குப் பருத்தி எடுக்கப் போகாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வருவதற்கு மனசே இல்லை அவளுக்கு. “இவளுக்குக் காதெல்லாம் நல்லாத்தேன் கேக்கும் டீச்சர். நீங்க சொன்னீகளேன்னு வந்தேன்” என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாதிரி பெரிய குமிழ்களை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பரிசோதிக்கிற பெண் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே போனாள். பாண்டீஸ்வரியின் கை மடியிலேயே கிடந்தது. நடுநடுவே தலையைத் திருப்பி யாருடைய முகமாவது கிடைக்குமா என்று தேடியது. வெகுநேரம் கழித்துத்தான் கை ஒரு தடவை மேலே போனது. அந்தச் சத்தம் வாசலில் நின்ற ஜெயக்கொடிக்கே குமிழ் வழியாகக் கேட்டது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். “ரெண்டு காதும் பாதிக்கு மேல மந்தமா இருக்கும்மா. ரொம்ப நாளாவே இருந்திருக்கு. மெஷின் வெச்சா நல்லாக் கேட்கும், பயப்படாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா பேச்சு இன்னும் தெளிவா வந்திருக்கும். இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களே” என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் அன்னக்கொடி ஜெயக்கொடியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “பெத்தவ எனக்கே தெரியல. நீங்க கண்டுபிடிச்சீக டீச்சர். நீங்க நல்லா இருப்பீக.” கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

ஜெயக்கொடி கையை இழுத்துக்கொண்டாள். இந்த அம்மாவிடம் சொல்வதோடு பார்த்தால் மைத்ரேயியிடம் சொன்னது ஒன்றுமே இல்லை, காகிதத்தில் எழுதிக் கொடுத்தது ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் இந்த அம்மா ஆயுசு முழுக்கத் தன்னைக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கும்பிடை எப்படி வாங்கிக்கொள்வது?

“நான் கண்டுபிடிக்கல அன்னக்கொடி. நான் மறைச்சேன். போன் பரீச்சையில இவளுக்குக் கேக்காததுக்கெல்லாம் நானே பதில் போட்டேன். பாவப்பட்டுத்தான் போட்டேன். நான் கைய வைக்காம இருந்திருந்தா ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே இங்க வந்திருப்பா.”

 அன்னக்கொடிக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது.

“ரேங்க் கார்டுல போட்டு விடுவீகளே, கேட்டல் பத்துக்குப் பத்துன்னு. அதுவும் நீங்க போட்டதா?”

“ஆமா.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டு வாசிக்கச் சொல்லிக் கேப்பேன் டீச்சர். கேட்டல் பத்துக்குப் பத்து. எல்லாத் தடவையும் பத்துக்குப் பத்து.” அவள் குரல் உடைந்தது. “வீட்டுல பின்னாடி இருந்து கூப்புட்டா திரும்பவே மாட்டா. பள்ளிக்கூடத்துல அம்புட்டும் கேக்குது, பெத்தவ கூப்புட்டா மட்டும் காது கேக்காத மாதிரி நடிக்கிறியாடின்னு அடிச்சேன். விளக்குமாத்தால அடிச்சேன் டீச்சர். சிரிச்சுக்கிட்டே நிப்பா. அந்தச் சிரிப்பப் பாத்துட்டு இன்னும் ரெண்டு அடி கூட அடிப்பேன்.”

 ஜெயக்கொடி அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.  பாண்டீஸ்வரி கொஞ்சம் தள்ளி, டாக்டர் கொடுத்த மிட்டாயின் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தது.

“நீங்க பாவம்னு போட்ட மார்க்கு” என்றாள் அன்னக்கொடி. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெயக்கொடிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவளும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். “இத இவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? எதுக்கு அடிச்சோம்னு சொல்லணும்ல?”

“நானும் சொல்லணும்” என்றாள் ஜெயக்கொடி.

அவள் எழுந்து போய்ப் பிள்ளையின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெளிச்சம் தங்கள் முகத்தில் படுகிற இடமாகப் பார்த்து, இரண்டு பேரும் பிள்ளைக்கு நேராகத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். பாண்டீஸ்வரி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. முதலில் ஜெயக்கொடிதான் பேசினாள்.